பாதை முனையில் ஒரு நீல வண்டி

ட்ரேஸ் ஃபோர்க், கென்டக்கி
ஆகஸ்ட் 18, 1996

ராய்ஸ்,

‘அண்ணா’ என்று ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். மறந்துபோய் விட்டதல்ல.

மார்ச் மாதம் ‘இனி இந்த வீட்டுப் படி ஏறாதே’ என்று உன்னிடம் சொன்ன அன்றே, கடிதமும் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் நேற்று நான் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்பாவிடம் சொல்ல முடியாது. மாட்டிடம் சொல்லிப் பார்த்தேன், பாதியில் எழுந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது நீதான்.

நேற்று என்ன நாள் என்று உனக்குத் தெரியும். ஆகஸ்ட் மூன்றாவது சனி, அணில் வேட்டை திறக்கிற நாள். அப்பா எனக்கு முன்பே எழுந்து, ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் முப்பது வருஷம் கரித்தூளைத் தின்ற நெஞ்சு, நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று பேசுகிறது.

“நெல்டா, மேட்டுல மேல் பக்கத்து ஹிக்கரிக் கொட்டை மரத்துக்குப் போ. போன வருஷமே நல்லாக் காச்சுது. ஆறு அடிச்சுட்டு வா, நான் மாவு பிசைஞ்சு வெக்கறேன்.”

“சரிப்பா” என்றேன். வேறு என்ன சொல்வது? ‘மேடு இல்லப்பா, உங்க மகன் அதை ஒஹாயோவுல இருக்கற சின்சினாட்டி வேட்டை கிளப்புக்கு வித்துட்டான், மறுபக்கம் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிட்டாங்க, மரத்துக்கு மரம் ‘உள்ளே வராதே’ன்னு மஞ்சள் பலகை அடிச்சிருக்காங்க’ என்று சொல்லவா? அவரால் முன்வராந்தாவைத் தாண்டி நடக்க முடியாது என்பதால்தான் இந்தப் பொய் ஐந்து மாதமாக நின்றுகொண்டிருக்கிறது. நீ ஏன் வருவதில்லை என்று கேட்டால், சனிக்கிழமையும் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்காக இல்லை. தெரிந்தால் அவர் தாங்குவாரோ என்ற பயம்.

ஆக, முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாகச் சர்க்கார் காட்டுக்கு வேட்டைக்குப் போனேன்.

அதற்கு லைசென்ஸ் வேண்டுமே! நம் மேட்டில் சுட எவன் காகிதம் கேட்டான்? நம் ஊரில் டோயலின் தூண்டில் கடையில் வாங்கினால் மத்தியானத்துக்குள் அப்பா காதுக்கு வந்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை நாற்பது மைல் ஓட்டிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வாங்கினேன். அங்கே ஒரு பொடிப்பயல் என் உயரம், எடை எல்லாம் கேட்டு எழுதினான். தலைமுடி என்ன நிறம் என்று வேறு கேட்டான். “எதிர்லதானே நிக்கறேன், கண்ணு தெரியலையா?” என்றேன். அணில் சுடுவதற்கு என் எடை எதற்கு ராய்ஸ்? நானா மரத்தில் ஏறப் போகிறேன்?

அப்புறம் காடு. இத்தனை ஆயிரம் ஏக்கரில் வண்டி நிறுத்த ஏதோ நாலே நாலு இடம். ஓடைப் பக்கத்துப் பாதை முனையைத்தான் மனதில் குறித்து வைத்திருந்தேன், ஹிக்கரி அந்தப் பக்கம்தான் என்று கேள்வி. விடியும் முன்னே போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு நீல வண்டி நிற்கிறது. ஒஹாயோ எண்பலகை!

ஒரு முனையில் வண்டி நின்றால் அந்தச் சரிவு அவனுடையது, வந்தவன் அடுத்த இடம் பார்க்க வேண்டும். இதை நம் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் வழக்கத்தை மீறவில்லை. ஆனால் வயிறு எரிந்தது. ஒரு சீட்டு எழுதி அவன் கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டுத்தான் கிளம்பினேன். “ஒஹாயோக்காரா, உங்க ஊர்ல மரமே இல்லையா? எங்க மேட்டை வாங்கினது போதாதா, சர்க்கார் காடும் வேணுமா?”

அடுத்த முனையில் மூன்று வண்டி. அதற்கடுத்ததில் கூடாரம் போட்டு ரேடியோ வைத்திருந்தார்கள். கடைசி இடத்தில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் பைன் மரம். ஒரு கொட்டை இல்லை, ஒரு வால் அசையவில்லை. எட்டு மணிக்குக் குதிரைக்காரர்கள் ஏழு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள், அதில் ஒருத்தி “பறவை பாக்கறீங்களா?” என்றாள். என் மடியில் துப்பாக்கி இருக்கிறது!

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா ரொட்டி சுட்டு, துணி மூடி வைத்திருந்தார்.

“காத்து ஜாஸ்திப்பா. அணில் வெளிய வரல.”

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். “இலைகூட ஆடலையே” என்றார். அப்புறம் ரொட்டியைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டார்.

அதைச் சொல்லத்தான் எழுதினேன். பதில் போட வேண்டாம்.

நெல்டா


டேட்டன், ஒஹாயோ
ஆகஸ்ட் 24, 1996

நெல்டாவுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். சின்ன வயதிலும் நீ வேண்டாம் என்றதை நான் கேட்டதில்லை.

உன் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். உன் அண்ணி கானி ஒருமுறை படித்துவிட்டு, “உன் தங்கச்சி பேனாவுல எழுதல, கத்தியில எழுதியிருக்கா” என்றாள்.

மேட்டைப் பற்றி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், திரும்பச் சொல்ல மாட்டேன். பட்டறையை மூடினார்கள். பதினெட்டு வருஷம் ஒரே இயந்திரத்தின் முன் நின்றவனை வேறு எவனும் கூப்பிடவில்லை. வீடு கையை விட்டுப் போகிற நிலை. அப்பா படுத்தபோது, பின்னால் சிக்கல் வேண்டாம் என்று மேட்டை என் பேரில் எழுதினார், உனக்கும் தெரியும். கையில் இருந்தது அது ஒன்றுதான். அவரிடம் கேட்டிருந்தால் ‘எடுத்துக்கோ’ என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்க முடியவில்லை. இதை உனக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, எனக்கே சரியாகப் புரியவில்லை.

அது போகட்டும். நீ பைன் காட்டில் உட்கார்ந்ததைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நம் மேட்டில் வீட்டிலிருந்து இருபது நிமிஷம் நடந்து மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் நாம். பொதுக் காட்டில் அது நடக்காது. வண்டியை நிறுத்தினால் ஒரு மைலாவது நடக்க வேண்டும். சோம்பேறிகள் அரை மைலில் நின்றுவிடுவார்கள், அணிலுக்கும் அது தெரியும். அந்த ஓடை முனையிலிருந்து தண்ணீரைத் தொடர்ந்து இறங்கு. இடிந்த வீட்டின் புகைபோக்கி ஒன்று தனியாக நிற்கும். அதற்கு இடப்பக்கம் ஏறினால் மூன்று ஹிக்கரி. அடியில் அணில் கொறித்த கொட்டை ஓடு சிதறிக் கிடக்கும். இங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவன் சொன்னான்.

இன்னொன்று. முன்பின் தெரியாத ஆளுக்கு, அதுவும் சர்ச் தாளின் பின்பக்கத்தில், அப்படி எழுதலாமா? அவன் பாவம், யாரோ, என்ன கஷ்டத்தில் வந்தானோ.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? சனிக்கிழமை வேலை என்பதை நம்புகிறாரா?

ராய்ஸ்


ட்ரேஸ் ஃபோர்க்
செப்டம்பர் 1, 1996

ராய்ஸ்,

நேற்று மறுபடி போனேன். முனையில் வண்டி எதுவும் இல்லை. ஓஹோ, இன்று நம் நாள் என்று நினைத்தேன். என் புத்தி.

ஓடையைத் தொடர்ந்து இறங்கச் சொன்னாய். அந்த ஓடை நடுவில் இரண்டாகப் பிரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்குத் தோன்றவில்லை. நான் வலது பக்கம் போய், முள் புதருக்குள் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். சட்டை கிழிந்தது, கை கிழிந்தது, வாயில் வந்ததெல்லாம் வந்தது. திரும்பி வரும்போது காட்டு அதிகாரி ஒருவர் எதிரே வந்தார்.

“லைசென்ஸ் இருக்காம்மா?”

காட்டினேன். அவர் தேதியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கிழிந்த கையைப் பார்த்தார்.

“முதல் தடவையா?”

“அணிலுக்கு முதல் தடவை இல்ல சார். உங்க காட்டுக்குத்தான் முதல் தடவை.”

“எல்லாரும் அந்த வலது ஓடையிலதான் போய் மாட்டறாங்க” என்றார். அப்படியானால் ஒரு பலகை வைக்கலாமே ஐயா! வேட்டை கிளப்புக்காரன் மரத்துக்கு மரம் வைக்கிறான், சர்க்காரிடம் ஒன்றுகூடவா இல்லை?

கடைசியில் உன் புகைபோக்கியையும் மூன்று ஹிக்கரியையும் கண்டுபிடித்தேன். பத்து நிமிஷத்தில் மேலே ஓடு உதிர ஆரம்பித்தது. ஒரு சாம்பல் அணில், நல்ல கொழுத்தது. முதல் குண்டு கிளையில் பட்டது. இரண்டாவது அதன் மேல் பட்டது. அது அப்படியே சரிவில் உருண்டு, லாரல் புதருக்குள் விழுந்தது. இரண்டு மணி நேரம் நாலுகாலில் தவழ்ந்து தேடினேன், ராய்ஸ். கிடைக்கவில்லை. அடித்ததை விட்டுவிட்டு வருவது நம் வீட்டில் யாரும் செய்யாத காரியம். அந்த மரத்தடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அழுதுகொண்டே கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது. என் காலடியில் ஏழு குச்சிகள். பட்டையை நகத்தாலேயே சுத்தமாக உரித்து, பெரிதிலிருந்து சிறிது வரை வரிசையாக அடுக்கியிருந்தது.

அம்மா இருந்தவரை, “எலி மாதிரி கொறிச்சுக்கிட்டே இருக்கான் பாரு” என்று உன்னைத் திட்டாத நாள் இல்லை. சர்ச்சில் உட்கார்ந்தாலும் உன் காலடியில் அந்தக் குச்சி வரிசைதான்.

அப்புறம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சீட்டு எழுதினேன் என்றுதான் உனக்குச் சொன்னேன். சர்ச் தாளில் என்று நான் எழுதவே இல்லை. வண்டியில் வேறு காகிதம் இல்லாமல்தான் அதை எடுத்தேன். அதன் முன்பக்கத்தில் அந்த வாரப் பிரசங்கம், ‘அந்நியரை உபசரித்தல்’. நல்ல வேளை, பாதிரியாருக்குத் தெரியாது.

நீதானா அது? அந்த நீல வண்டி?

வீட்டிலிருந்து பதினொரு மைல். அப்பா ரொட்டியை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே காலையில், நீ பதினொரு மைலில் குச்சி உரித்துக்கொண்டிருந்தாய். நான் உன் வண்டியைப் பார்த்து ஒதுங்கிப்போய்ப் பைன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன்!

எத்தனை அடித்தாய்? அதையாவது சொல்.

நெல்டா


டேட்டன்
செப்டம்பர் 6, 1996

நெல்டா,

நாலு.

ஆமாம், நான்தான். என் வண்டி வசந்தத்திலேயே போய்விட்டது, அது கானியின் தம்பி வண்டி. அதனால்தான் உனக்கு அடையாளம் தெரியவில்லை.

வேட்டை திறக்கிற நாளில் இங்கே சும்மா இருக்க முடியவில்லை. ஐந்து வயதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. வீட்டுக்கு வர முடியாது, மேட்டுக்கும் போக முடியாது. அப்புறம் மிச்சம் இருப்பது சர்க்கார் காடு. வெளி மாநிலத்தான் என்று என் லைசென்ஸ் தாளே வேறு, நெல்டா. கடைக்காரன் “எந்த ஊர்?” என்று கேட்டான். ட்ரேஸ் ஃபோர்க் என்று வாயில் வந்துவிட்டது. “அப்ப ஏன் ஒஹாயோ முகவரி?” என்றான். காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கும் அது முதல் தடவைதான். நானும் அந்த வலது ஓடையில்தான் முதலில் போனேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் உனக்கு எழுதவில்லை. மன்னித்துக்கொள். கை ஆறிவிட்டதா?

திரும்பி வந்தபோது கண்ணாடியில் உன் சீட்டு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ‘எங்க மேட்டை வாங்கினது போதாதா’ என்று கேட்டிருந்தாய். நான் வாங்கினவன் இல்லை, விற்றவன். அங்கேயே வண்டிப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு வீட்டுக்குத்தான் வந்தேன், நம்பினால் நம்பு. நாலு அணிலும் வாளியில் இருந்தது. நம் தபால் பெட்டி வரை வந்தேன். அப்பா முன்வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குழாயோடு அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு இளைத்துவிட்டாரா? யாரோ வழி தவறி வந்தவன் என்று நினைத்துக் கையை ஆட்டினார்.

நான் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ படி ஏறாதே என்று சொன்னதைக் காரணம் காட்டலாம். கானியிடம் அப்படித்தான் சொன்னேன். அது உண்மை இல்லை. நீ சொல்லாவிட்டாலும் அன்று இறங்கியிருக்க மாட்டேன். குழம்பு ஊற்றித் தட்டை முன்னால் வைத்து, “மேட்டுல இந்த வருஷம் காய் எப்படிடா?” என்று கேட்பார். நான் என்ன சொல்வேன்?

அந்த நாலும் ஐஸ் பெட்டியில் அப்படியே கிடக்கிறது. கானி ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்கிறாள். எனக்குச் சமைக்கவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. தபாலில் அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

நீ இனி இடது ஓடையில் போ. ஹிக்கரிக்குக் கீழ்ப்பக்கம் உட்கார், மேல் பக்கம் வேண்டாம். அடிபட்டால் உன்னை நோக்கித்தான் உருளும்.

ராய்ஸ்


ட்ரேஸ் ஃபோர்க்
செப்டம்பர் 19, 1996

அண்ணா,

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

நான் சொல்லவில்லை. என் முட்டாள்தனம் சொல்லிவிட்டது. சனிக்கிழமை நீ சொன்னபடி இடது ஓடையில் போனேன், கீழ்ப்பக்கம் உட்கார்ந்தேன், இரண்டு கிடைத்தது. இரண்டுதான், ஆனால் எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. வந்ததும் உரித்து, வறுத்து, மாவும் பாலும் ஊற்றிக் குழம்பு வைத்தேன். அப்பா இரண்டாவது ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

“வால் எங்க?”

அவர் வருஷா வருஷம் தூண்டில் முள்ளில் கட்ட அணில் வால் எடுத்து வைப்பார், மறந்திருக்க மாட்டாய். எப்போதும் என் வேட்டைச் சட்டையின் வலது பாக்கெட்டில் இருக்கும்.

“எப்பவும் போல பாக்கெட்லதான் இருக்கு, எடுத்துக்கோங்கப்பா” என்றேன். நானே, என் வாயாலேயே! அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கையில் வால், மறு கையில் அதே பாக்கெட்டில் நான் வைத்திருந்த லைசென்ஸ். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம மேட்டுல சுடறவளுக்கு எதுக்குடி லைசென்ஸ்?”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“அதையும் பக்கத்து மாவட்டத்துல போய் வாங்கியிருக்கே.”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பட்டறை மூடியது, கேட் போட்டது, நான் உன்னைப் படி ஏறாதே என்றது. தட்டில் பாதி இருந்தது. அதை அப்படியே தள்ளிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாள் என்னோடு பேச்சே இல்லை. அந்த ஆக்சிஜன் இயந்திரம் மட்டும்தான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது. உன் மேல் இருந்த கோபமெல்லாம் போய் என் மேலேயே எனக்குக் கடுப்பாக வந்தது. இந்தக் காடு, இந்தக் காகிதம், இந்தப் பொய், எதுவுமே எனக்குச் சரியாக வரவில்லை.

நேற்றுக் காலை சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். “வண்டியை எடு. டோயல் கடைக்குப் போகணும்.”

கடையில் நாலு பேர் இருந்தார்கள், எல்லாம் அவரோடு சுரங்கத்தில் இறங்கினவர்கள். சின்ன ஆக்சிஜன் உருளையை நான் தூக்கி வர, என் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனார். “ஒரு லைசென்ஸ் குடு” என்றார்.

டோயலுக்குப் புரியவில்லை. “யாருக்கு?”

“எனக்கு. அறுபத்து மூணு வயசு. எழுது.”

டோயல் உயரம் எழுதினான், எடை எழுதினான், தலைமுடி நிறம் கேட்டான்.

“இருந்தப்ப கறுப்பு” என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. டோயல் பேனாவைக் கீழே வைத்தான். “ஹோபர்ட் அண்ணே, உங்களுக்கு எதுக்கு இது? சொந்தமா மேடு இருக்கு.”

“வித்தாச்சு.”

“வித்தாச்சா? யாரு... ராய்ஸா வித்தான்?”

“நான் வித்தேன். சர்க்கார் காட்டுல சுடப் போறேன். எழுதறியா இல்லையா?”

‘நான் வித்தேன்’ என்றார், அண்ணா. அந்த நாலு பேர் முன்னால். நான் புழு டப்பா அடுக்கியிருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

திரும்பும் வழியில் நீல வண்டியைப் பற்றியும் சொன்னேன், தபால் பெட்டி வரை நீ வந்ததையும். அந்த இடத்தில்தான் அவருக்குக் கோபம் வந்தது. மேட்டுக்குக்கூட அப்படி வரவில்லை. “கை காட்டினேனேடி! நான் கை காட்டினேன், அவன் திரும்பிப் போயிட்டானா?” என்று மூன்று முறை கேட்டார். சீட்டில் என்ன எழுதினேன் என்று கேட்டார், அதையும் சொன்னேன். ‘ம்’ என்றார்.

இப்போது அவர் உனக்குச் சொல்லச் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். “இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை, அந்த ஓடை முனையில என் வண்டி முதல்ல நிக்கும். நான் உள்ள உக்காந்திருப்பேன். வேற வண்டி நின்னா வெளியாள் தாண்டிப் போயிடுவான், அதான் வழக்கம். வீட்டு ஆள் பின்னாடி நிறுத்துவான். அவன் எந்த ஆளுன்னு பாக்கறேன். மேட்டைப் பத்திக் கேக்க வேண்டியது நிறைய இருக்கு, அதைத் தபால்ல கேக்க முடியாது.”

என் பங்குக்கு ஒன்று. படி ஏறாதே என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ விற்றது சரி என்று சொல்லவில்லை.

நெல்டா


டேட்டன்
செப்டம்பர் 30, 1996

நெல்டா,

சனிக்கிழமை நீ வெறுங்கையோடு, தலையெல்லாம் இலையோடு காட்டிலிருந்து வந்து, “அந்தக் குதிரைக்காரங்க மறுபடியும் வந்துட்டாங்க” என்று கத்தினாய். இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாய். அப்புறம் தனியாக என்னை இழுத்து, “முதல்ல என்ன சொன்னார்?” என்று கேட்டாய். அப்போது நழுவிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நான் வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. தூரத்திலிருந்தே அப்பாவின் வண்டி தெரிந்தது. உன்னைக் காணோம், முன்னாலேயே ஹிக்கரிக்கு விரட்டிவிட்டிருந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது, குழாய் தெரிந்தது, முழங்கை வெளியே இருந்தது. நான் நிறுத்த வேண்டும் என்றுதான் வந்தேன், சத்தியமாக. ஆனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை. தாண்டிப் போய்விட்டேன், நெல்டா. அவரைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். அவரும் என்னைப் பார்த்தார்.

பாலம் வரை போனேன். அங்கே நிறுத்தினேன். பக்கத்து இருக்கையில் அந்த நாலு அணிலும், ஐஸ் நிரப்பிய கைப்பெட்டியில். அதன் மேல் உன் சீட்டு. ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

அவர் வண்டிக்குப் பின்னால், இடித்துவிடுகிற அளவு ஒட்டி நிறுத்தினேன். இறங்கி நடந்து ஜன்னல் பக்கம் போனேன். அவர் தலையைத் திருப்பவில்லை. நேராகக் காட்டைப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார்.

“ஏண்டா ஒஹாயோக்காரா, உங்க ஊர்ல மரமே இல்லையா?”

அப்பா என்றேனோ என்னவோ, அதுகூடச் சரியாக நினைவில்லை.

அவர் மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். “மேட்டைப் பத்திக் கேக்கணும், ரொம்ப நேரம் ஆகும்” என்றார். “ஏறி உக்காரு.”

ராய்ஸ்